தலைக்கு மேலே கொக்கு: பாதுகாப்புக் கையேடு வாங்கப் போய் 48,000 ரூபாய் போச்சு

இன்று காலை அந்த ஆப்பிலிருந்து ஒரு மெசேஜ். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?" தீர்ந்தது என் 48,000 ரூபாய்தான். அந்த ஆத்திரத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் பக்கத்தில் ஜாப் ஒர்க் யூனிட், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கிற யூனிட், வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். கையேட்டை நாமே எப்படித் தயாரிப்பது என்று கடைசியில் படிப்படியாகச் சொல்கிறேன்.

எங்கள் யூனிட் திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் பக்கம். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து முப்பது சொச்சம் தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், நாலு அயர்ன் டேபிள். கைமடி என்கிற உதவியாட்கள், செக்கிங், பேக்கிங் வரை எண்ணினால் 62 பேர். லைசென்ஸ் என் பேரில். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிறோம். 2024 ஆகஸ்டில் அவர்களுடைய ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சன்டைசர் போன் செய்தார். "அக்கா, அடுத்த மாசம் பையர் ஆடிட் உங்க யூனிட்டுக்கும் வருதுங்க. சேஃப்டி மேனுவல் ஒண்ணு இருக்கோணும். இங்கிலீஷ்லயும் தமிழ்லயும்."

பையர் என்றால் சரக்கை வாங்குகிற கம்பெனி; யூனிட் பாதுகாப்பாக இருக்கிறதா என்று அவர்கள் சார்பில் ஆள் வந்து பார்ப்பதுதான் ஆடிட். தீயணைப்பான் இருக்கிறது, முதலுதவிப் பெட்டி இருக்கிறது, கையேடு மட்டும் இல்லை. நேரமும் இல்லை. சேவைக்கு ஆள் பிடித்துத் தருகிற ஆப் ஒன்றில் தேடினேன். "தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆலோசகர்", 4.8 ஸ்டார், ஈரோட்டுப் பக்கம். அன்று சாயங்காலமே வந்துவிட்டார்.

எந்த இடத்தில் நம்பினேன் என்று எட்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வந்ததும் ஆபீசில் உட்காரவில்லை. டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகக் கட்டிங் பக்கம் போனார். கம்பி வலைக் கையுறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துத் தடவிப் பார்த்தார். விரலில் தூசி. "ஏனுங்ண்ணா, இது சாமிக்கு மாட்டி வெச்சதுங்களா?" என்று மாஸ்டரிடம் கேட்டார். மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று வருடமாக நான் சொல்லிக் கேட்காத மனிதர், அன்றைக்குக் கையுறையை மாட்டிக்கொண்டு பீஸ் வெட்டினார். அப்புறம் அவரே குனிந்து ஒரு ஓவர்லாக்கின் பெல்ட் கவர் கழன்று கிடப்பதைக் காட்டினார். கரன்ட் பேனல் போர்டுக்கு முன்னால் ரப்பர் மேட் இல்லை என்றார். எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார், "கையேட்டுல உங்க மெஷின் படமே வருமுங்க்கா. ஒடிசாப் பசங்களுக்குப் படம் போட்டாத்தான் புரியும்" என்றார். அயர்னிங்கிலும் பேக்கிங்கிலும் எங்களிடம் ஒடிசாப் பையன்கள் பத்தொன்பது பேர். அதை அவரே கவனித்துச் சொன்னதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வேலை தெரிந்த ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன். வேலை தெரிந்த ஆள்தான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. தெரிந்தும் செய்யவில்லையே என்றுதான் வயிறு எரிகிறது.

48,000 ரூபாய் கேட்டார். இரண்டு மொழியில் கையேடு, ஒவ்வொரு மெஷினுக்கும் ஆபத்து மதிப்பீடு, ஆட்களுக்கு ஒரு நாள் பயிற்சி. பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 56,640 ஆகும், "பில்லு வேண்டாம்னா அதை மிச்சம் பண்ணிக்கலாமுங்க்கா" என்றார். 8,640 ரூபாய் மிச்சமாகிறதே என்று எனக்கும் ஆசை. ஆப் வழியாகப் பணம் கட்டினால் அவர்கள் கமிஷன் எடுப்பார்கள் என்று நேராகத் தன் நம்பருக்கே அனுப்பச் சொன்னார். 25,000 அன்றே ஜிபேயில் போட்டேன். மீதி 23,000 கையேடு கைக்கு வந்த அன்று. திட்டுவதென்றால் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்.

ஒன்பதாம் நாள் இரண்டு பி.டி.எஃப். வந்தன. இங்கிலீஷ் 184 பக்கம், தமிழ் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த வாரம் எங்களுக்கு ஷிப்மென்ட் நெருக்கடி, ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. புரட்டிப் பார்த்தேன், கனமாக இருந்தது, கட்டம் கட்டமாக அட்டவணை இருந்தது. பிரின்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்து, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்தேன். பயிற்சி எப்போது என்று கேட்டதற்கு, "ஆடிட்டுக்கு முந்தின நாள் வந்தர்றனுங்க்கா" என்றார். வரவே இல்லை.

ஆடிட்டர் ஒரு அம்மா. தமிழ் நன்றாகப் பேசினார். கையேட்டை வாங்கினார், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, "அண்ணா, இதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படிங்க" என்றார்.

மாஸ்டர் படித்தார். "தலைக்கு மேலே செல்லும் கொக்கின் கீழ் யாரும் நிற்கக் கூடாது."

படித்துவிட்டு நிமிர்ந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தார். செக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஓவர்ஹெட் கிரேன், அதாவது தலைக்கு மேலே ஓடுகிற பளு தூக்கி. இங்கிலீஷில் கொக்குக்கும் கிரேன்தான் பெயர். அதை ஏதோ மொழிபெயர்க்கிற மெஷினில் போட்டுக் கொக்காக்கி வைத்திருக்கிறார். எங்கள் யூனிட்டில் கிரேனும் கிடையாது, கொக்கும் கிடையாது. அடுத்த பக்கத்தில் "செடிக்குள் நுழையும் முன் தலைக்கவசம் அணியவும்." பிளான்ட் என்றால் செடியாம். தீ விபத்து ஒத்திகையை, ஃபயர் டிரில்லை, "தீத் துளைப்பான்" என்று போட்டிருந்தது. அம்மோனியா கசிந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக ஓட வேண்டும் என்று நாலு பக்கம். அவசர போன் நம்பர் 020 என்று ஆரம்பித்தது, அது புனேவின் கோடு. இங்கிலீஷ் பிரதியில் "மகாராஷ்டிரா தொழிற்சாலை விதிகள், 1963" என்று இருந்தது. நமக்கு அப்போது இருந்தது தமிழ்நாடு தொழிற்சாலைகள் விதிகள், 1950. எங்கோ ஒரு இரும்புக் கம்பெனிக்கு யாரோ எழுதியதை எடுத்து, அட்டையில் எங்கள் பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இதற்குத்தான் 48,000 ரூபாய்.

ராத்திரி நானே பி.டி.எஃப்.பில் தேடினேன். தையல் யூனிட்டில் முதல் ஆபத்து ஊசி. விரலில் ஏறும், உடைந்து கண்ணுக்குத் தெறிக்கும், உடைந்த துண்டு துணிக்குள் போனால் குழந்தை போடுகிற சட்டையில் போய் நிற்கும். அதனால்தான் உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் பொறுக்கி ரெஜிஸ்டரில் ஒட்டச் சொல்கிறார்கள். தமிழ்ப் பிரதி முழுக்க "ஊசி" என்று தேடினால் ஒரே ஒரு இடத்தில் வந்தது. தடுப்பு ஊசி.

ஆடிட்டரம்மா கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கூசியது. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். கையேட்டில் சேஃப்டி ஆபீசர் என்று ஒரு பெயர் போட்டிருந்தது, அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை. 1,000 பேர் வேலை செய்கிற இடத்துக்குத்தான் அப்போதைய சட்டம் அதைக் கட்டாயமாகக் கேட்டது, 62 பேருக்கு எதற்கு என்று அவரே கேட்டார். முதலுதவிப் பெட்டி 150 பேருக்கு ஒன்று போதும், ஆனால் சான்றிதழ் வாங்கிய ஒருவர் பொறுப்பில் அது இருக்க வேண்டும், அவர் யார் என்றார். என்னிடம் பதில் இல்லை. அடிப்படை என்று ஓ.எச்.எஸ்.ஏ.எஸ். 18001 என்ற வேலையிடப் பாதுகாப்புத் தரநிலை குறிப்பிடப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக ஐ.எஸ்.ஓ. 45001 வந்தது 2018-இல், பழையதை 2021-இல் கைவிட்டாயிற்று.

கடைசியில் முதல் பக்கத்தைத் திருப்பி, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார். அப்போது நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 7ஏ பிரிவுப்படி, பாதுகாப்புக் கொள்கையை எழுத்தில் வைப்பதும், அதை எல்லாத் தொழிலாளிக்கும் தெரியப்படுத்துவதும் யூனிட்டுக்குப் பொறுப்பானவர் கடமை. அதாவது நான். ஆலோசகர் பெயர் அதில் எங்கேயும் இல்லை. "மேடம், நாளைக்கு ஒருத்தர் விரல் போச்சுன்னா இந்தக் கையெழுத்துதான் பேசும்" என்றார்.

இனி போன் கதை. அன்று சாயங்காலம் கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கனுங்க்கா." மறுநாள்: "அது டிராஃப்ட்டுங்க்கா, ஃபைனல் நீங்க கேக்கவே இல்லீங்களே." மீதி 23,000 வாங்கும்போது டிராஃப்ட் என்று சொல்லவில்லையே என்றேன். மூன்றாம் நாள், திருத்துகிற மாதிரி வேர்டு ஃபைல் வேண்டுமென்றால் தனியாக 6,000 என்றார். கொக்கைப் பிடித்து வெளியே விட 6,000! நாலாம் நாள் மாமா தவறிவிட்டார் என்று மெசேஜ். அதையும் நம்பி, "பொறுமையா வாங்க தம்பி" என்று பதில் போட்டேன், பாருங்கள் என் புத்தியை. அன்று ராத்திரி ஸ்டேட்டஸில் ஏதோ யூனிட் திறப்பு விழாவில் சால்வையோடு நிற்கிறார். ஐந்தாம் நாளிலிருந்து பிளாக்.

ஆப்பின் கஸ்டமர் கேர் இன்னும் ஒரு படி மேலே. நாங்கள் இணைப்பு மட்டும்தான் தருகிறோம், பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஆகவே பொறுப்பில்லை. இதையே மூன்று பேர், மூன்று குரலில், ஒரு எழுத்து மாறாமல். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று வக்கீலாக இருக்கிற ஒரு ஒறம்பரையிடம் கேட்டேன். முதல் கேள்வி, "பில்லு எங்க?" இரண்டாவது, வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்றால் நுகர்வோர் என்ற கணக்கில் வருகிறோமா என்பதற்கே வழக்காட வேண்டியிருக்கும். எங்கள் வீட்டுக்காரர், "உடு, போச்சுன்னு நெனச்சுக்கோ" என்கிறார். எப்படி விடுவது? ஒரு பீஸுக்கு எனக்கு நிற்பது ஒண்ணே கால் ரூபாய். 48,000 ரூபாய் என்றால் 38,400 பீஸ். அத்தனை பீஸ் தைத்துச் சம்பாதித்ததை ஒரு கொக்குக்குக் கொடுத்திருக்கிறேன். ஆர்டர் இப்போது நிறுத்தி வைப்பில் இருக்கிறது. குறைகளைச் சரிசெய்ய 21 நாள் கொடுத்தார்கள், அதில் எட்டு நாள் போய்விட்டது.

மூன்று ராத்திரியாக நானும் மாஸ்டரும் லைன் சூப்பர்வைசர் அக்காவும் உட்கார்ந்து புதிதாக எழுதுகிறோம். முதலில் எழுதத் தெரியாமல், ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நின்று "இங்க யாருக்கு என்ன அடிபட்டிருக்கு?" என்று ஆட்களையே கேட்டோம். கொட்டித் தீர்த்துவிட்டார்கள். கறை எடுக்கிற கெமிக்கல் வாடையில் தலைவலி வருகிறது என்று செக்கிங் பெண் ஒருத்தி சொன்னாள், இரண்டு வருடமாக எனக்குத் தெரியாது. எக்ஸாஸ்ட் ஃபேனை அங்கே மாற்றிவிட்டோம். பேக்கிங் அட்டைப்பெட்டி பின்கதவை மறைக்கிறது என்று ஒடிசாப் பையன் கையைக் காட்டினான். இப்போது பதினேழு பக்கம் வந்திருக்கிறது.

படிப்படியாகச் சொல்கிறேன் என்றேன். கட்டிங்கில் கூப்பிடுகிறார்கள், நேரமில்லை. அவசரமாக இவ்வளவுதான்: பில் இல்லாமல் ஒரு ரூபாய் தராதீர்கள். ஆப்பில் பிடித்த ஆளுக்கு ஆப்புக்கு வெளியே பணம் போடாதீர்கள். இதற்கு முன் செய்த கையேடு ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்த யூனிட்காரருக்கே போன் செய்யுங்கள். மீதிப் பணம் தருமுன் "ஊசி" என்று தேடிப் பாருங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ்ப் பிரதியை ஆட்களை விட்டே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஆள் இன்னும் அதே 4.8 ஸ்டாரோடு இருக்கிறார். "முடித்துக் கொடுத்த வேலைகள்" என்று புதிதாக ஒரு படம். கையேட்டில் போடுவதாக எடுத்த போட்டோதான், எங்கள் மாஸ்டர் கம்பிக் கையுறையோடு நிற்கிறார்.