ராயபுரத்து மாடியில் பன்னிரண்டு சனிக்கிழமை: ஒரு வேதாகம வகுப்பு பற்றி

சென்னை தங்கசாலைப் பக்கம் அச்சகங்களில் 31 வருடம் ப்ரூஃப் பார்த்தவன் நான். வேலையை விட்ட பிறகு காலையில் பேப்பரை விரித்து சிவப்புப் பேனாவால் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். "சும்மா குந்திக்கினு இருக்காம எங்கனா போய்ட்டு வாங்க" என்றாள் வீட்டுக்காரி. அப்படித்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். ராயபுரம் கல்மண்டபம் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடி. சனிக்கிழமை மாலை 6 முதல் 8 வரை, 12 வாரம், நோட்ஸோடு சேர்த்து 1,800 ரூபாய்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜெபக்கூட்டம் என்று நினைத்து யாரும் போய்விடாதீர்கள். பாட்டு இல்லை, சாட்சி இல்லை. வேதாகமத்தை ஒரு பழைய நூலாக எடுத்து வைத்துக்கொண்டு யார் எழுதியது, எப்போது, பிரதிகள் எங்கெங்கே வேறுபடுகின்றன, யூதர்கள் இதை எப்படி வாசித்தார்கள் என்று பார்க்கிற இடம். எங்கள் பேட்ச்சில் ஒன்பது பேர். ஒரு சிஸ்டர், வியாசர்பாடியில் சபை நடத்தும் ஒரு பாஸ்டர், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிக்கிற ஒரு பையன், துறைமுகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேர், அப்புறம் நாங்கள் ஓய்வு பெற்றவர்கள்.

சொல்லித்தந்த மேடத்துக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாள் ஆதியாகமத்தைத் திறக்கச் சொல்லி, கடவுளின் பெயர் வரும் இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போடச் சொன்னார். முதல் அதிகாரம் முழுக்க "தேவன்". இரண்டாம் அதிகாரம் 4ஆம் வசனத்திலிருந்து "தேவனாகிய கர்த்தர்". ஐம்பது வருடமாக வாசிக்கிறேன், பிழை பார்த்தே சோறு தின்றவன், என் கண்ணில் இது பட்டதில்லை! முதல் அதிகாரத்தில் செடி, மிருகம், கடைசியில் ஆணும் பெண்ணும். இரண்டாவதில் முதலில் மனிதன், பிறகுதான் தோட்டம், மிருகங்கள், பெண். ழான் அஸ்ட்ருக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1753இலேயே இந்தப் பெயர் மாற்றத்தை வைத்து, ஆதியாகமத்தை எழுதியவர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் மோசே இரண்டு மூன்று பழைய ஏடுகளைச் சேர்த்திருப்பார் என்று எழுதினாராம். அவருக்குப் பின்னால் வந்த ஜெர்மன் அறிஞர்கள் மோசேயையே எடுத்துவிட்டார்கள்.

பாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. மேடம் அவரைச் சமாதானப்படுத்தவில்லை, ராஷியை எடுத்தார். 1105இல் பிரான்சில் இறந்த யூத உரையாசிரியர். இதே பெயர் மாற்றத்தை அவரும் பார்த்திருக்கிறார், வேறு மாதிரி விளக்குகிறார். தேவன் என்று நாம் வாசிக்கும் "எலோஹிம்" நீதியின் பெயர், கர்த்தர் என்று நாம் சொல்வது இரக்கத்தின் பெயர். நீதியை மட்டும் வைத்து உலகைப் படைக்க நினைத்தார் கடவுள். அப்படி உலகம் நிற்காது என்று கண்டு இரக்கத்தையும் கூட்டுச் சேர்த்தார், அதனால்தான் 2:4இல் இரண்டு பெயரும் சேர்ந்து வருகின்றன. பாஸ்டர் உடனே நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் பிரசங்கத்துக்கு ஆயிற்று.

எனக்குப் பிடித்த பாடம் நான்காவது வாரம். 1 சாமுவேல் 14:41. குற்றம் யாருடையது என்று அறிய சவுல் ராஜா சீட்டுப் போடுகிற இடம். எபிரெயத்தில் "இஸ்ரவேலின் தேவனே, தாமீம் தாரும்" என்று மொட்டையாக நிற்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலோ நடுவில் நீளமாக இருக்கிறது: குற்றம் என்னிடமோ என் மகன் யோனத்தானிடமோ இருந்தால் ஊரீம் தாரும், உம் மக்களாகிய இஸ்ரவேலிடம் இருந்தால் தும்மீம் தாரும். ஊரீம், தும்மீம் என்பவை கடவுளின் முடிவை அறியப் போட்ட சீட்டுகள். படியெடுத்தவர் ஒரு "இஸ்ரவேல்" எழுதி நிமிர்ந்திருக்கிறார், திரும்பிக் குனிந்தபோது கண் அடுத்த "இஸ்ரவேலில்" விழுந்திருக்கிறது. இடையில் இருந்தது போச்சு. ஈய எழுத்துக் காலத்தில் எங்கள் கம்போசிட்டர்கள் வாரத்துக்கு இரண்டு தரம் செய்கிற தப்பு இது. மேடம் விளக்கி முடிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். அப்புறம் தாமீமுக்கும் தும்மீமுக்கும் மெய்யெழுத்து ஒன்றேதான். உயிர்க்குறி பல நூற்றாண்டு கழித்துப் போட்டது. புள்ளி வைக்காத ஓலைச்சுவடியில் எ, ஏ தெரியாமல் நம் பதிப்பாசிரியர்கள் திண்டாடிய கதைதான்.

இனி குறைகள். நோட்ஸ் படுமோசம். கீழே ஜெராக்ஸ் கடையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு நகலா? எபிரெயத்தில் தாலெத் (த), ரேஷ் (ர) என்ற இரண்டு எழுத்துக்கும் மூலையில் ஒரு சின்ன முனைதான் வித்தியாசம். அந்த முனை என் நகலில் இல்லவே இல்லை. அன்றைக்கு நடந்த பாடமே அதுதான்: ஆதியாகமம் 10:4இல் தோதானீம் என்று இருக்கும் பெயர், 1 நாளாகமம் 1:7இல் எபிரெயத்தில் ரோதானீம். என் தாளில் இரண்டும் ரோதானீம்! கையைத் தூக்கிக் காட்டினேன். மேடம் சிரித்துவிட்டு, "ஐயா, இதைவிட நல்ல உதாரணம் நான் தேடினாலும் கிடைக்காது" என்றார். சிரிப்பு சரி, தாளை மாற்றித் தரவில்லை.

மழையில் இரண்டு வகுப்பு போயிற்று. ஈடு வைக்கிறோம் என்றவர்கள் வைக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. அதனால் புதிய ஏற்பாடு முழுவதும் கடைசி இரண்டு வாரத்தில் அடைபட்டது. மாற்கு 16இல் 8ஆம் வசனத்துக்கு மேல் சீனாய், வத்திக்கான் என்ற மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் இரண்டிலும் இல்லை என்பதெல்லாம் ஒரு மாலை முழுக்கப் பேசவேண்டிய விஷயம், இருபது நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். சாலொமோன் ராஜாவுக்குக் கப்பலில் வந்த மயிலுக்கு எபிரெயத்தில் வரும் "துக்கீ" நம் தோகைதான் என்று கால்டுவெல் சொன்னதைப் பற்றித் துறைமுகத்துக்காரர்கள் கிளப்பிய சண்டைக்கு மட்டும் முக்கால் மணி நேரம்! இருக்கலாம், உறுதியில்லை என்று மேடம் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முட்டி வலிக்காரர்கள் யோசிக்கவும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் காற்றோடு காசிமேட்டு மீன் வாடையும் வரும், எனக்கு அது பழக்கம். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு, பொது மொழிபெயர்ப்பு இரண்டையும் எடுத்துப் போங்கள். ஏசாயா 7:14இல் ஒன்றில் "கன்னிகை", மற்றதில் "இளம்பெண்". இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அந்தப் பாடம் ஏறாது.

அடுத்த பேட்ச்சுக்கு 2,000 ஆக்குகிறார்களாம். சேரத்தான் போகிறேன், எரேமியா நடத்துகிறார்கள். நோட்ஸை நானே ப்ரூஃப் பார்த்துத் தருகிறேன் என்றேன். 200 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார்கள். சரி என்றேன், ஆனால் எபிரெயப் பக்கத்தைக் கீழ்க்கடையில் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.