லாப்ரடாரா, ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டரா?

புல்வெளிப் பறவைகளையும் நீர்ப்பறவைகளையும் வேட்டையாட ஒரே நாயை வளர்க்க விரும்புவோர், முதலில் தண்ணீரின் குளிரை எண்ணிப் பார்க்க வேண்டும். லாப்ரடாருக்கு அடர்ந்த உள்மயிரும் நீர் ஒட்டாத மேல்மயிரும் இரண்டடுக்காக அமைந்திருப்பதால், கடுங்குளிரிலும் அது வாத்தைக் கவ்வி வந்து கொடுத்து, உடலை ஒருமுறை உதறிவிட்டு, அடுத்த வெடிச்சத்தத்துக்குக் காத்திருக்கும். பாயின்டரும் நன்றாக நீந்தும். ஆனால் அதன் குட்டை மயிர் குளிரைத் தாங்காது. நடுங்கும் நாயை மீண்டும் நீரில் இறக்குவது கொடுமை. வாத்து வேட்டையே பெரும்பகுதி என்றால், என் தேர்வு தயக்கமின்றி லாப்ரடார்தான்.

மேட்டுநிலப் புல்வெளியில் நிலைமை தலைகீழ். காற்றில் மோப்பம் பிடித்தபடி வெகுதூரம் ஓடித் தேடும் பாயின்டர், காடை பதுங்கியிருக்கும் புதருக்கு முன் ஒரு முன்னங்காலைத் தூக்கியவாறு சிலையாக நின்றுவிடும். வேட்டைக்காரர் நிதானமாக நெருங்கலாம். லாப்ரடாரோ பறவையைக் கிளப்பிவிடும் என்பதால், துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள், அதாவது ஏறக்குறைய 30 மீட்டருக்குள்ளேயே தேடுமாறு அதைப் பழக்க வேண்டும்.