தடித்த எஃகை ஒட்ட எது நல்லது: ஆர்க்கா, பெரிய வெற்றிட அறையா, குறை வெற்றிடமா?

200 மி.மீ. தடிமன் கொண்ட அணு உலைக் கலத்தின் இரண்டு வளையங்களைச் சேர்க்க வேண்டும். பெரும்பாலான பட்டறைகள் இன்றும் கைவைப்பது குறுகிய பள்ளத்தில் செய்யும் சப்மெர்ஜ்டு ஆர்க் வெல்டிங்கில்தான், அதாவது தூளுக்கு அடியில் மின்வில்லை எரியவிட்டு ஒட்டும் முறையில். நம்பகமான முறை, குறைத்துப் பேச எதுவும் இல்லை. ஆனால் பொறுமையைச் சோதிக்கும். ஃபிளக்ஸ் என்னும் அந்தப் பாதுகாப்புத் தூளுக்கு அடியில் கம்பி உருகி இறங்கும். ஒவ்வொரு பாஸ் (ஒரு அடுக்கு நிரப்பும் ஓட்டம்) முடிந்ததும், தூள் உருகி உறைந்த கசடு உரிந்து வர வேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு நின்றால், அடுத்த பாஸ் அதை உள்ளேயே புதைத்துவிடும். இந்தத் தடிமனுக்குப் பாஸ் எண்ணிக்கை நூறைத் தாண்டும். அத்தனை நாளும் உலோகம் முன்சூட்டிலேயே இருக்க வேண்டும்.

மற்ற இரண்டு வழிகளும் எலக்ட்ரான் கற்றையால், அதாவது வேகமாகப் பாயும் எலக்ட்ரான்களின் ஓடையால், ஒட்டுபவை. அதற்குப் பாஸ் கணக்கே கிடையாது. கற்றை பட்ட இடத்தில் உலோகம் ஆவியாகி, ஆழமான மெல்லிய துளை ஒன்று திறக்கும். துளை முன்னால் நகர நகர, உருகிய உலோகம் பின்னால் வந்து மூடிக்கொள்ளும். முழுத் தடிமனும் ஒரே ஓட்டத்தில் முடியும், கம்பியே தேவைப்படாது. பிரான்சில் ஸ்டோர், ஜெர்மனியில் ஸ்டைகர்வால்ட் என்ற ஆய்வாளர்கள் 1950-களிலேயே இதற்கு வழி காட்டிவிட்டார்கள். சிக்கல் வேறு இடத்தில். காற்று மூலக்கூறில் மோதினால் கற்றை சிதறும். அதனால் வேலைப்பொருள் முழுவதையும் உயர் வெற்றிட அறைக்குள் அடைக்க வேண்டும். இங்கிலாந்தின் ராதரமில் இதற்கென்றே 208 கன மீட்டர் அறை வைத்தார்கள். அதற்குள் நுழையாத கலத்தை என்ன செய்வது?

குறை வெற்றிட முறையின் பதில்: கலத்தை அறைக்குள் கொண்டுபோகாதே, வெற்றிடத்தைக் கலத்திடம் கொண்டுபோ. கேம்பிரிட்ஜ் அருகே உள்ள டி.டபிள்யூ.ஐ. என்னும் வெல்டிங் ஆய்வு நிறுவனம் 1990-களில் வளர்த்தெடுத்த வழி இது. கற்றையை உமிழும் எலக்ட்ரான் துப்பாக்கிக்குள் மட்டும் உயர் வெற்றிடம். கற்றை சிறு துளைகள் வழியாக வெளியே வரும், ஒவ்வொரு கட்டத்திலும் பம்ப் வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கும். மூட்டுப் பகுதியில் 0.1 முதல் 10 மில்லிபார் வரை இருந்தால் போதும். காற்றழுத்தம் ஏறக்குறைய 1,013 மில்லிபார் என்பதால் இதுவும் நல்ல வெற்றிடம்தான். ஆனால் சாதாரண மெக்கானிக்கல் பம்ப்பே இதை எட்டிவிடும், மூட்டைச் சுற்றி மட்டும் சீல் போட்டால் வேலை நடக்கும். என் பார்வையில் இந்த முறையின் உயிரே இந்தச் சலுகைதான். மூட்டின் தரம் அறை முறைக்கு ஏறத்தாழ நிகர்.

2024 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எஃகு நிறுவனமான ஷெஃபீல்ட் ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ் இதைக் காட்டியே விட்டது. 3 மீட்டர் விட்டம், 200 மி.மீ. சுவர், சிறு அணு உலை அளவிலான மாதிரிக் கலம். நான்கு தடித்த மூட்டுகளும் 24 மணி நேரத்துக்குள் முடிந்தன. வழக்கமான முறையில் ஏறக்குறைய ஓராண்டு வேலை அது.

இதை வைத்து ஆர்க்கை ஒதுக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆர்க் சிறு இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். கற்றைக்கு விளிம்புகள் துல்லியமாகப் பொருந்தி உட்கார வேண்டும். எஃகில் மிச்சக் காந்தம் கொஞ்சம் தங்கினாலும் கற்றை வளையும்: மேலே மூட்டின் மேல் சரியாக நிற்கும், 200 மி.மீ. கீழே பக்கத்து இரும்பை உருக்கிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. வட்ட மூட்டு முடியும் இடம் இன்னும் நுட்பமானது. தொடங்கிய புள்ளியைத் தாண்டிப்போய்க் கற்றையை மெல்ல மெல்லத் தணிக்க வேண்டும். அவசரப்பட்டால் துளை மூடும்போது உள்ளே குழி தங்கிவிடும். ஆய்வாளர் முதலில் அல்ட்ராசானிக் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

செம்பில் முடிவு வேறு மாதிரி ஆயிற்று. ஸ்வீடனின் அணுக்கழிவு நிறுவனமான எஸ்.கே.பி., அணு எரிபொருள் கழிவைப் புதைக்கும் பெட்டகங்களின் 50 மி.மீ. செம்பு மூடியை ஒட்ட, ஆஸ்கர்ஷாம்ன் ஆய்வகத்தில் குறை வெற்றிடக் கற்றையையும் உராய்வுக் கிளறல் (friction stir) முறையையும் சேர்த்தே சோதித்தது. இந்த உராய்வு முறையும் டி.டபிள்யூ.ஐ.யில் 1991-ல் பிறந்ததுதான்! அதில் செம்பு உருகாது; சுழலும் கருவி அதை இளக்கிப் பிசைந்து சேர்க்கும், உலோகத்தின் நுண்மணிகளும் (நுண்ணிய படிகத் துகள்கள்) கெடாது. 2005-ல் எஸ்.கே.பி. உராய்வு முறையையே தேர்ந்தெடுத்தது. 50 மி.மீ. செம்புக்கு நானும் அதையே கேட்பேன். 200 மி.மீ. எஃகு என்றால் குறை வெற்றிடம், கூடவே காந்த அளவியும்.