அனொரெக்சியா: சாப்பாட்டுத் தட்டு யார் பொறுப்பில்?

பதினைந்து வயது மகள் சாப்பிட மறுக்கிறாள், எடை இறங்கிக்கொண்டே போகிறது, அனொரெக்சியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவை மறுக்கும் மனநோய்) என்று மருத்துவரும் உறுதிசெய்துவிட்டார் என்றால் முன்னால் நிற்பவை இரண்டு வழிகள். ஒன்று, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. மற்றது, ஆக்ஸ்ஃபோர்டில் மனநல மருத்துவர் கிறிஸ்டபர் ஃபேர்பர்ன் வகுத்த சிபிடி-இ (CBT-E): நோயாளி தன் எண்ணங்களையும் உணவுப் பழக்கத்தையும் தானே மாற்றப் பழகும் பேச்சுச் சிகிச்சை. முன்னது ஓராண்டுக்குள் சுமார் 20 அமர்வுகள். பின்னது, எடை குறைந்தவர்களுக்கு 40 வாரங்களில் 40.

பதின்வயதினருக்கு முதலாவதையே சொல்வேன். அமர்வு வாரத்துக்கு ஒரு மணி நேரம், சாப்பாடோ நாளைக்கு ஐந்தாறு வேளை. பட்டினியில் வாடிய மூளை அந்த வேளைகளில் நோயின் பக்கமே சாயும். சிபிடி-இ-யில் சாப்பிடும் முடிவை மகளேதான் எடுக்க வேண்டும். குடும்பவழியில், முதல் கட்டம் முழுக்க எது, எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் பெற்றோர் பொறுப்பு.

இரண்டாம் அமர்வுக்குக் குடும்பமே சாப்பாடு கட்டிக்கொண்டு வரும். மகள் 'போதும்' என்று தட்டை நகர்த்திய பிறகு, இன்னும் ஒரு வாய் சாப்பிட வைப்பதுதான் அன்றைய வேலை. கெஞ்சலும் வேண்டாம், கலோரி வாதமும் வேண்டாம். "இதுதான் உனக்கு மருந்து, சாப்பிடும்மா" என்று அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அம்மா கண்டிப்பு, அப்பா தாராளம் என்றால் அந்த இடுக்கில் நோய் புகுந்துகொள்ளும். அண்ணன் தம்பிகளைக் காவலுக்கு வைக்கக் கூடாது. அவர்கள் வேலை ஆறுதல் மட்டும்.

நான்காம் வாரத்துக்குள் சுமார் 2.3 கிலோ ஏறினால் நல்ல அறிகுறி. ஆனால் அதை நம்பிப் பொறுப்பை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் ஏறிய எடை இறங்கிவிடும். எடை சீரான பிறகு, ஒவ்வொரு வேளையாகத்தான் கைமாற்ற வேண்டும்.

2010-இல் வெளியான, 121 பதின்வயதினரைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டில் முழுமையாக மீண்டோர் குடும்பவழியில் 49 சதவீதம், தனிநபர் சிகிச்சையில் 23. ஆனால் அந்தத் தனிநபர் சிகிச்சை சிபிடி-இ அல்ல. ஆகவே இந்த எண்ணை வைத்து அதைத் தள்ளிவிட முடியாது.

எப்போதும் குறை சொல்லும் பெற்றோர் என்றால், சிகிச்சையாளர் அவர்களை மகள் இல்லாமல் தனியாகச் சந்திப்பதே பலன் தரும். புலிமியா (அளவின்றிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி போன்றவற்றால் அதை ஈடுகட்டும் நோய்) உள்ள பெரியவர்களுக்கு என் தேர்வு சிபிடி-இ: மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு மூன்று சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது, சாப்பிட்டதை உடனேயே குறித்துவைக்க வேண்டும்.

பகலில் நாடித்துடிப்பு 50-க்குக் கீழே போனாலோ மயக்கம் வந்தாலோ இரண்டு சிகிச்சைகளையும் ஒத்திவைத்து, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென உணவைக் கூட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தைப் பாதிக்கும். மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார்கள்.