ஹாட்ஜ்டன் எச்4831: போர் உபரியின் வாரிசு

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 20 மி.மீ. பீரங்கித் தோட்டாக்களுக்காக அமெரிக்க இராணுவம் வைத்திருந்து உபரியாகிப்போன 4831 வெடிமருந்தை வாங்கி, ரைஃபிள் தோட்டாக்களைத் தாமே மீள்நிரப்புவோருக்கு மலிவாக விற்றவர் கான்சாஸ் மாநிலத்தின் புரூஸ் ஹாட்ஜ்டன். அந்தச் சரக்கு என்றோ தீர்ந்துவிட்டது; இன்று எச்4831 என்று கிடைப்பது ஆஸ்திரேலியாவில் புதிதாகத் தயாராவது.

மெதுவாக எரியும் இம்மருந்து .270 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டா வகைக்கு அருமையாகப் பொருந்துகிறது. வெயிலானாலும் குளிரானாலும் தோட்டாவின் வேகம் பெரிதாக மாறுவதில்லை. குறை, நீண்ட குச்சி போன்ற துகள்கள்தான்: அளவைக் கருவியின் உருளை திரும்பும்போது அவை இடையில் சிக்கி நறுக்கென்று வெட்டுப்படுவதால், தராசில் நிறுத்தே ஆக வேண்டியிருக்கிறது. குட்டைத் துகள் கொண்ட எஸ்சி வகையே மேல்.

பழைய உபரி டப்பா எங்கேனும் விலைக்கு வந்தால் மலிவென்று மயங்க வேண்டாம். அமில நெடியோ செம்பழுப்புத் தூளோ தென்பட்டால் அது கெட்டுப்போன மருந்து, நல்ல நிலையில் இருந்தாலும் எவ்வளவு மருந்து நிரப்பலாம் என்று சொல்லும் இன்றைய அட்டவணைகள் அதற்கானவை அல்ல.