யூஎஸ்பி மைக்கா, இன்டர்ஃபேஸா? இரைச்சலை வைத்து ஒரு அலசல்

வீட்டுக் கணினியில் குரல் பதிபவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது: யூஎஸ்பி மைக் போதுமா, ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக் சிக்னலைப் பெருக்கிக் கணினிக்குக் கொடுக்கும் தனிப் பெட்டி), மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிளில் அதோடு இணையும் டைனமிக் மைக்கும் (காந்தத்துக்குள் அசையும் சுருளால் குரலை மின்சிக்னலாக்குவது) வாங்கவேண்டுமா? விலையிலும் வசதியிலும் யூஎஸ்பிதான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. மதர்போர்டின் பிங்க் நிற மைக் சாக்கெட்டைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. மைக் ஒலியைப் பெருக்கும் பூஸ்ட்டை 20, 30 டெசிபெல் ஏற்றினால் பல கணினிகளில் மவுஸ் நகர்வதுகூட ‘கிர்ர்’ என்று பதிவாகிவிடும்.

நான் இன்டர்ஃபேஸ் பக்கம். குரல் இனிமைக்காக இல்லை. இரைச்சல் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பிடிக்க அதில்தான் வழி இருக்கிறது.

முதலில் பேசாமல் பத்து விநாடி பதியுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ‘ப்ளாட் ஸ்பெக்ட்ரம்’ திறங்கள். 50, 100, 150 ஹெர்ட்ஸில் முனைகள் எழுந்தால் அது கரண்ட் ஹம், அதாவது வீட்டு மின்சாரத்திலிருந்து வரும் ரீங்காரம். 1000, 2000, 3000 என்றோ 8000த்திலோ ஊசி ஊசியாக நின்றால் யூஎஸ்பி: கணினி நொடிக்கு 1000 முறை, வேகமான யூஎஸ்பி 2.0 என்றால் 8000 முறை, தரவுச் சட்டகம் அனுப்பும் தாளம் மின்கம்பி வழியே கசிகிறது. முனையே இல்லாமல் பரவிக் கிடந்தால் ஃபேன் காற்று, இல்லாவிட்டால் மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பின் ‘ஸ்ஸ்’.

யூஎஸ்பி மைக்கில் இந்த ஊசிகள் தெரிந்தால் போர்ட்டை மாற்றலாம், தனி அடாப்டர் உள்ள ஹப் வழியே கொடுக்கலாம், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கலாம். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் மேற்கொண்டு செய்ய எதுவும் இல்லை; மைக், ப்ரீஆம்ப், ஒலியை எண்களாக்கும் கன்வெர்ட்டர் எல்லாம் ஒரே கூட்டுக்குள் மூடிக் கிடக்கின்றன.

இன்டர்ஃபேஸில் அப்படியில்லை. கெயினை, அதாவது பெருக்கும் அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஊசிகள் அப்படியே இருந்தால் கோளாறு கணினிப் பக்கம். கெயினோடு சேர்ந்து ஹம்மும் ஏறி இறங்கினால் கேபிளை மாற்றிப் பாருங்கள். எக்ஸ்எல்ஆரின் 2, 3ஆம் பின்களில் ஒரே குரல் நேரெதிராக ஓடுகிறது. வழியில் ஏறும் ஹம் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால் இன்டர்ஃபேஸ் அதைக் கழித்துவிடும். ஷீல்டு சேரும் 1ஆம் பின்னில் சால்டர் விட்டுப்போயிருந்தால் ‘ஜ்ஜ்’ கிளம்பும்; பற்றவைத்தால் போதும். கேபிளும் நன்றாக இருந்தால் மைக்கைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் ஹம் அடங்குகிறதா? பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் ஏதோ இருக்கிறது. அதன் காந்தப்புலம் நேரே மைக் சுருளில் விழுகிறது. ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். வழவழவென்று திரும்பும் டிம்மர் வகை ஃபேன் ரெகுலேட்டரும் இப்படி ‘ஜ்ஜ்’ கிளப்பும்; படிப்படியாகத் திரும்பும் கெபாசிட்டர் வகை அநேகமாகக் கிளப்பாது.

இந்தப் பக்கத்திலும் குறை உண்டு. டைனமிக் மைக்குகள் சிலவற்றுக்கு 60 டெசிபெல் வரை கெயின் வேண்டும். மலிவு இன்டர்ஃபேஸில் குமிழின் கடைசிச் சுற்றில் ‘ஸ்ஸ்’ ஏறிவிடும். மென்மையாகப் பேசுபவருக்கு, மெல்லிய ஒலியையும் நன்றாகப் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக்கே நல்லது. டைனமிக் என்றாலே ஃபேன் சத்தம் எடுக்காது என்பதும் சரியில்லை. அங்கே வேலை செய்வது தூரம்தான்: 40 செ.மீ. தள்ளியிருந்த வாய் 10 செ.மீ.க்கு வந்தால் குரல் ஏறக்குறைய 12 டெசிபெல் ஏறும், ஃபேன் இருந்த இடத்திலேயே இருக்கும். யூஎஸ்பி மைக்குக்கும் இதே கணக்குதான்.

எதை வாங்கினாலும், ஹம்மை நிறுத்த மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். ஹம் நிற்கலாம், உள்ளே கசிவு ஏற்பட்டால் 230 வோல்ட் உங்கள் கைக்கு வரும்.