கம்பம் தங்கம், டர்ன்பக்கிள் தலைவலி

குடியாத்தத்து நண்பர் ஒருவர், வீட்டிலேயே செய்த சின்னக் காற்றாலையை மாடிக் கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் போட்டு நிறுத்தலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம். றெக்கையின் அதிர்வு சுவர் வழியே இறங்கி, ராத்திரி முழுக்க கீழ் அறையில் ரீங்காரம் கேட்கும். மாடி விளிம்பில் காற்றும் சுழன்றுதான் அடிக்கும். தரையில் தனிக் கம்பம் நடுங்கள்.

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் கொல்லையில் நிற்பது இருபதடி ஜிஐ பைப், இரண்டு அங்குலம். அடியில் கீல், கம்பத்தை இழுத்துப் பிடிக்க நாலு பக்கமும் ஸ்டே கம்பி. அந்தக் கீலை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். இடது, வலது பக்கக் கம்பிகளைக் கட்டிய முளைகள் இரண்டும் கீல் ஆணிக்கு நேர்கோட்டில், அதே உயரத்தில் இருப்பதால், கம்பத்தைச் சாய்க்கும்போது அந்தக் கம்பிகள் தளர்வதுமில்லை, இறுகுவதுமில்லை. கம்பம் பக்கவாட்டில் அசையாமல் நேராக இறங்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறிய ராத்திரி, எங்கள் காற்றாலை தரையில் பத்திரமாகப் படுத்திருந்தது. நானும் தம்பியும் கயிறு பிடித்தே இறக்கிவிட்டோம்.

ஆனால் ஸ்டே கம்பியைத் திருகி இறுக்கும் இந்த டர்ன்பக்கிள் இருக்கிறதே! காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கம்பத்தைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். ஆடிக் காற்றில் கம்பிகள் இறுகி இறுகித் தளர, அந்த அதிர்விலேயே டர்ன்பக்கிள் தானாகத் திரும்பிக்கொள்கிறது. காலையில் போய்க் கம்பியைத் தொட்டால் தொளதொளவென்று இருக்கும். அது திரும்பாமல் பூட்ட, செக் நட் என்ற கூடுதல் நட்டு போடலாமே என்பீர்கள். டர்ன்பக்கிளின் ஒரு முனை வலது மரை, மறுமுனை எதிர்ப்பக்கம் திருகும் இடது மரை. வேலூரில் நான் ஏறி இறங்கிய கடைகளில் வலது மரை நட்டு கொட்டிக் கிடக்கிறது. இடது மரை கேட்டால் ஆளை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஒரு முனையை மட்டும் பூட்டினால் அதுவும் கொஞ்ச நாளில் விட்டுவிடுகிறது.

இப்போதைக்கு டர்ன்பக்கிளின் நடுச்சட்டத்துக்குள் கட்டுக்கம்பியை நுழைத்து, இரு முனை வளையங்களோடும் எட்டுப் போல முறுக்கிக் கட்டியிருக்கிறேன். நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் கம்பத்தை இறக்கும்போதெல்லாம் ஒரு பக்கத்தில் அதை வெட்டி மறுபடி கட்ட வேண்டும். கொக்கி முனை வைத்த டர்ன்பக்கிளை வாங்கவே வாங்காதீர்கள். கம்பி தளர்ந்தால் கழன்றுவிடும்.

சரி, நண்பருக்கு என் பதில்: கீல் வைத்த கம்பத்தைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் இடது மரை நட்டு கையில் கிடைக்கும்வரை குழியே தோண்டாதீர்கள். வெறும் விளக்குக்குத்தான் என்றால், நம் ஊர் வெயிலுக்கு சோலார் பலகையே போதும்.